தேவனூர் நாடும் சிகாகோவின் பேட்டைகளும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 14 ஊராட்சிகள் உள்ளன. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு, ஆலத்தூர் நாடு, வளப்பூர் நாடு என்று எல்லாப் பெயர்களும் நாடு என்றே முடிகின்றன. சமவெளியில் பெரிய ஊர் ஒன்றின் பெயரைத்தான் ஊராட்சிக்கு வைப்பது வழக்கம். மலைமேல் அப்படிச் செய்யவில்லை. மக்கள் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்த நாடுகளை அரசு எடுத்துக்கொண்டு, அவற்றின் மேல் ஊராட்சி என்ற முத்திரையைக் குத்தியது. நாடு முந்தியது, ஊராட்சி பிந்தியது.

அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் இப்படி 77 பகுதிகள் இருக்கின்றன. அவற்றுள் 75 பகுதிகளை 1920களில் சிகாகோ பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர்கள் வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்தார்கள். 1956இல் ஓஹேர் விமான நிலையப் பகுதி சேர்ந்தது. 1980இல் அப்டவுனிலிருந்து எட்ஜ்வாட்டர் பிரிந்தது. மக்கள்தொகைக் கணக்கையும் நோய்க் கணக்கையும் குற்றக் கணக்கையும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டுமென்றால் எல்லை மாறாமல் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய தேவை. அந்த இரண்டு மாற்றங்கள் போக, அந்தக் கோடுகள் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகப் பெரும்பாலும் அசையாமல் நிற்கின்றன. நகராட்சியின் புள்ளிவிவரங்களில் பல இன்றும் அவற்றின்படிதான் வெளியாகின்றன.

ஒன்று சுமார் 280 சதுர கிலோமீட்டர் பரப்பும் சில பத்தாயிரம் மக்களும் உள்ள மலை. மற்றது 600 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே மேற்பட்ட பரப்பில், 2020 கணக்குப்படி 27 லட்சம் பேர் வாழும் மாநகரம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு பகுதிக்கு எல்லை போட்டது யார், எதற்காகப் போட்டார் என்பதைப் பொறுத்தே அங்கே வாழ்பவர் கையில் நிலம் தங்குவதும் தங்காததும் அமைகிறது. நகர வரலாறு எழுதுபவர்கள் கட்டடங்களைப் பற்றியும் சாலைகளைப் பற்றியும் நிறைய எழுதுகிறார்கள். எல்லைகளைப் பற்றி அவ்வளவாக எழுதுவதில்லை.

மலையிலிருந்து தொடங்குவோம். கொல்லி சங்க காலத்திலேயே பேர்பெற்ற மலை. வல்வில் ஓரி ஆண்ட மலை அது. திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி அகநானூற்றில் இருக்கிறது. கபிலர் பாடிய குறுந்தொகை 100ஆம் பாடலில் ஓரியின் கொல்லிமலைப் பாவை வருகிறது. அதே பாடல் ஒரு மலைச் சிற்றூரையும் காட்டுகிறது. அருவிப் பக்கத்தில் மலைநெல் விதைக்கிறார்கள், களை பறிக்கிறார்கள், ஊருக்குக் காந்தளே வேலி, பசி வந்தால் யானைத் தந்தத்தை விற்றுச் சாப்பிடுகிறார்கள். அரசர்களின் போர்ச் செய்தியைவிட இந்தச் சிற்றூர்ச் செய்தி எனக்குப் பெரிதாகப்படுகிறது. பயிர், வேலி, பஞ்ச காலத்து வருமானம் என ஒரு குடியிருப்பின் கணக்கு மொத்தமும் சில அடிகளுக்குள் வந்துவிடுகிறது.

இன்று கொல்லிமலையில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிகள் என்ற பழங்குடியினர். தமிழ் பேசும் மலைவாசிகள், கேரளத்தோடு தொடர்பில்லாதவர்கள். அவர்களுடைய வழிவழிக் கதைப்படி முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்த அண்ணன் தம்பிகள் மூவர். ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து ஏறினார்கள். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். சேலம் மாவட்டம் பற்றி 1883இல் லெ ஃபானு தொகுத்த கையேட்டிலும், 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் மலையாளிகளின் வழக்கங்கள் பதிவாகியுள்ளன.

இந்தக் கதை நடந்ததா என்று துருவுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. அது எல்லையை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதுதான் முக்கியம். பக்கத்து மலைக்காரன் அண்ணன் மகன், எல்லைக்கு அப்பால் இருப்பவன் பங்காளி. பங்காளியோடு சண்டை வரும், வழக்கு வரும், பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமலும் போகும். ஆனாலும் அவனை அந்நியன் என்று யாரும் சொல்ல முடியாது. இப்படி உறவின் மேல் போட்ட எல்லையை ஒருவர் தனியாக நின்று விற்பதும் கடினம்.

நாடு என்ற அமைப்பு மலைக்கே உரியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளை ஆராய்ந்து எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட நூல், அக்காலத்து நாடுகள் அரசன் மேலிருந்து வகுத்த நிர்வாகப் பிரிவுகள் அல்ல, வேளாண் ஊர்கள் தாமே சேர்ந்து உருவான தொகுதிகள் என்று காட்டியது. நாட்டார் கூடி வரியையும் நிலத்தையும் பற்றி முடிவெடுத்தார்கள். சமவெளியில் அந்த நாடுகள் பிற்காலத்தில் பாளையம், ஜமீன், தாலுகா என்று அடுத்தடுத்து வந்த பிரிவுகளுக்கு அடியில் புதைந்துபோயின. சேர்வராயனிலும் பச்சைமலையிலும் கொல்லியிலும் மேலேயே நின்றுவிட்டன. சேர்வராயனில் சேல நாடு, மோக நாடு, முட்ட நாடு. பச்சைமலையில் வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை நாடு. செங்குத்தான சரிவும் வண்டி ஏறாத பாதையும் இதற்குத் துணையாக இருந்தன. காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை வருவதற்கு முன்னால் மலையில் விளைந்ததெல்லாம் தலைச்சுமையாகத்தான் அடிவாரத்துக்கு இறங்கியது.

ஒரு நாடு என்றால் ஒரு பெரிய ஊரும் அதைச் சுற்றிய வயலும் என்று நினைத்துவிடக் கூடாது. மேடும் பள்ளமுமாக உருண்டு கிடக்கும் நிலத்தில் பல சிற்றூர்கள் சிதறியிருக்கும். ஓடை ஓடும் தாழ்வில் நெல் வயல். அதற்கு மேல் சரிவில் மேட்டுக்காடு, அங்கே சாமை, கேழ்வரகு, தினை. அதற்கும் மேலே காடு. சில நூறு அடி உயரத்துக்குள் மூன்று வகை நிலமும் வந்துவிடும். மூன்றும் இருந்தால்தான் ஒரு குடும்பம் ஓர் ஆண்டை ஓட்ட முடியும். ஊருக்கு ஊர்க்கவுண்டர், அவருக்கு மேலே நாட்டுக்கு ஒரு தலைவர், திருவிழாவுக்கு நாட்டுக் கோயில், அங்கேயே வழக்குப் பேசும் கூட்டம் என்று அதன் நிர்வாகம் இருந்தது. அந்தப் பொறுப்புகள் ஆண்களிடமே இருந்தன. பெண்ணுக்கு முடிவு சொல்லும் இடம், ஊராட்சித் தேர்தலில் இடஒதுக்கீடு வந்த பிறகு, ஊராட்சியில்தான் கிடைத்தது. பழையது என்பதால் மட்டும் அது நியாயமானது ஆகிவிடாது. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நாட்டைப் பற்றி நான் எழுதுவது வெறும் புகழ்ச்சியாகிவிடும்.

சிகாகோவில் கதை வேறு மாதிரி தொடங்குகிறது. மிச்சிகன் ஏரிக்கரையில் பொட்டவாட்டமி முதலான பழங்குடியினர் வாழ்ந்தார்கள். ஏரியிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து மேற்கே புல்வெளிக்கும் அவர்கள் நடந்த தடங்கள் இருந்தன. பழங்குடியல்லாத முதல் நிலையான குடியேறி என்று அறியப்படும் ஜான் பாப்டிஸ்ட் பாயிண்ட் டு சாப்ல் ஒரு கறுப்பின வணிகர். அவருடைய மனைவி பொட்டவாட்டமிப் பெண். 1803இல் அமெரிக்க ராணுவம் அங்கே டியர்பார்ன் கோட்டையைக் கட்டியது.

ஆனால் நகரத்தின் எல்லைகள் அங்கு வாழ்ந்தவர்களிடமிருந்தோ கோட்டையிலிருந்தோ வரவில்லை, ஒரு சட்டத்திலிருந்து வந்தன. 1785ஆம் ஆண்டு நிலச் சட்டம் மேற்கு நிலம் முழுவதையும், கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, ஆறு மைல் சதுரங்களாகவும் அவற்றை ஒரு மைல் சதுரங்களாகவும் வெட்ட உத்தரவிட்டது. ஒரு மைல் சதுரம் 640 ஏக்கர். அதைப் பாதியாக்கலாம், காலாக்கலாம், விற்கலாம். ஆறு வளைந்தாலும் சதுரம் வளையாது. 1830இல் கால்வாய் ஆணையர்கள் ஜேம்ஸ் தாம்ப்சன் என்ற நில அளவையாளரைக் கொண்டு சிகாகோவுக்கு முதல் மனை வரைபடம் போட்டார்கள். மனைகளை விற்று வரும் பணத்தில் கால்வாய் வெட்டுவது திட்டம். அப்போது அங்கே இருந்தவர்கள் மிகச் சிலரே. நகரம் வருவதற்கு முன்பே நகரத்தின் மனைகள் விலைக்கு வந்துவிட்டன.

1833இல் சிகாகோ ஒப்பந்தம் கையெழுத்தானது. மிச்சிகன் ஏரிக்கு மேற்கே பொட்டவாட்டமியரிடம் எஞ்சியிருந்த நிலம் போனது. அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அனுப்பப்பட்டார்கள். அதே 1833இல் சிகாகோ ஊராகவும் 1837இல் நகரமாகவும் பதிவானது. நகரமானபோது மக்கள் சுமார் 4,000 பேர். 1890இல் அது 10 லட்சத்தைத் தாண்டியது. நடுவில் 1871 அக்டோபரில் பெருந்தீ. சுமார் 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். ஆனாலும் வளர்ச்சி நிற்கவில்லை. 1889இல் ஹைட் பார்க், லேக் வியூ உள்ளிட்ட சுற்றுப்புற ஊர்களை ஒரே வாக்கெடுப்பில் நகரத்தோடு இணைத்தார்கள். சிகாகோ அன்றே பல மடங்கு பெரிதாயிற்று.

சதுரக் கட்டத்தின் தர்க்கம் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதைக் கதவிலக்கத்தில் பார்க்கலாம். 1909இல் எட்வர்ட் பிரென்னன் என்பவரின் யோசனைப்படி நகரம் முழுவதற்கும் புதிய இலக்கம் வந்தது. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டும் இடம் பூஜ்யம். அங்கிருந்து 800 எண்கள் போனால் பெரும்பாலும் ஒரு மைல். மேற்கே 2400 என்ற கதவிலக்கம் பூஜ்யத்திலிருந்து மூன்று மைல் தள்ளி இருக்கும். வழி கேட்காமலே தொலைவைச் சொல்லிவிடலாம். வசதி என்ற அளவில் இது அபாரமான ஏற்பாடு, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கட்டங்களுக்குக் குறுக்கே கோணலாக ஓடும் சில சாலைகளும் உண்டு. கிளார்க் தெரு, மில்வாக்கி அவென்யூ போன்றவை பழங்குடியினர் நடந்த தடங்களின் மேல் போடப்பட்டவை. அந்த மக்கள் விட்டுச்சென்ற தடம் இன்றைய வரைபடத்தில் இந்தச் சாய்கோடுகளாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கட்டங்கள் எல்லாம் ஒரே அளவு. ஆனால் அவற்றுக்குள் யார் வாழலாம் என்பது ஒரே அளவாக இல்லை. 1910இல் சிகாகோவில் சுமார் 44,000 கறுப்பின மக்கள் இருந்தார்கள். தென்மாநிலங்களின் வன்முறைக்குத் தப்பியும் ஆலை வேலை தேடியும் வந்தவர்களால் 1930இல் அது 2,30,000ஐத் தாண்டியது. அவர்கள் நகரத்தின் தெற்கே ஓர் ஒடுக்கமான பட்டையில் நெருக்கியடித்து வாழ வேண்டியிருந்தது. வெளியே வீடு கிடைக்காது. 1919 ஜூலையில் யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் ஏரியில் மிதந்துகொண்டே, வெள்ளையர் தமக்கென்று வைத்துக்கொண்ட கரைப்பக்கம் போய்விட்டான். கல்லெறிக்கு ஆளாகி மூழ்கி இறந்தான். அங்கே சுவரோ கம்பியோ பலகையோ இல்லை. தண்ணீரில், கண்ணுக்குத் தெரியாமல் இருந்த எல்லை அது. அதையடுத்து மூண்ட கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள்.

கல்லெறி செய்த வேலையைப் பிறகு பத்திரங்கள் செய்தன. இந்த வீட்டைக் கறுப்பினத்தாருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று தெருத் தெருவாக வீட்டுக்காரர்கள் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் அவை. 1937இல் கார்ல் ஹான்ஸ்பெர்ரி என்ற கறுப்பின வணிகர் அப்படிப்பட்ட பகுதியொன்றில் வீடு வாங்கிக் குடும்பத்தோடு குடியேறினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1940இல் அவர் பக்கம் தீர்ப்பானது. அந்த வீட்டில் சிறுமியாக இருந்த லொரெய்ன் ஹான்ஸ்பெர்ரி 1959இல் அரங்கேற்றிய நாடகம் அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. 1948இல் வந்த இன்னொரு தீர்ப்புக்குப் பிறகு இத்தகைய ஒப்பந்தங்களை எந்த நீதிமன்றமும் அமல்படுத்த முடியாது என்றாயிற்று. அதற்கு முன்பே, 1930களில், கூட்டரசின் வீட்டுக் கடன் நிறுவனம் நகரங்களின் பேட்டைகளுக்கு நிறம் பூசி வரைபடம் தயாரித்திருந்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு பூசினார்கள். சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து. 1966இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவுக்கு வந்து வீட்டு உரிமைக்காக ஊர்வலம் போனபோது மார்க்கெட் (Marquette) பூங்காவில் அவர் தலையில் கல் விழுந்தது.

இந்த வரலாறு நடந்துகொண்டிருந்த அதே ஊரில்தான், ஹைட் பார்க்கில் உள்ள சிகாகோ பல்கலைக்கழகத்தில், இராபர்ட் பார்க்கும் எர்னஸ்ட் பர்ஜெஸும் 1925இல் நகரத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார்கள். நகரம் நடுவிலிருந்து வளையம் வளையமாக விரிகிறது, ஒவ்வொரு வளையத்திலும் ஒருவகை மக்கள் என்பது பர்ஜெஸின் கோட்பாடு. 77 பகுதிகளின் வரைபடம் அந்த ஆய்வு மரபிலிருந்து வந்தது. 1960களில் அதே பல்கலைக்கழகத்தில் ஏ. கே. ராமானுஜன் தமிழ் கற்பித்தார். குறுந்தொகையிலிருந்து தேர்ந்தெடுத்த பாடல்களை மொழிபெயர்த்து 1967இல் நூலாக்கினார். நிலத்தை வகுக்கும் இரண்டு முறைகள் ஒரே வளாகத்தில் இருந்தன. ஒன்று வாடகையையும் வருமானத்தையும் அளந்து வகுப்பது. மற்றது, அந்தப் பாடல்களின் வழியில், மலையா காடா வயலா கடலா, அங்கே என்ன விளைகிறது, அதை யார் உண்கிறார் என்று பார்த்து வகுப்பது. தேவனூர் நாட்டின் எல்லை இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்று நான் நினைக்கிறேன்.

சென்னை இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. தொண்டை மண்டலத்தின் புலியூர்க் கோட்டம், புழல் கோட்டம் என்ற பழைய பிரிவுகளுக்குள் இருந்த ஊர்கள்மேல் வளர்ந்த நகரம் அது. கிழக்கிந்தியக் கம்பெனி 1676இல் திருவல்லிக்கேணியையும், 1693இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகியவற்றையும், 1708இல் நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, திருவொற்றியூர் உள்ளிட்ட ஐந்து ஊர்களையும் பெற்றது. ஊர்ப்பெயர்கள் பிழைத்தன. கோட்டமும் நாடும் போயின. இன்று எழும்பூரில் ரயில் ஏறுபவருக்கு அது எந்தக் கோட்டத்து ஊர் என்பது தெரியாது, தெரிந்து ஆகவேண்டியதும் இல்லை. மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகரை அமைத்தபோது, அந்த ஏரியை நம்பிப் பயிர் செய்தவர்களின் எல்லை எதுவும் வரைபடத்துக்குள் வரவில்லை.

கொல்லிமலையில் நாட்டுக்கு என்ன ஆகிறது? பெயருக்கு ஆபத்தில்லை. ஊராட்சிப் பலகை இருக்கிறது. ஆனால் நாட்டைத் தாங்கி நின்ற வயல், மேட்டுக்காடு, காடு என்ற மூன்றில் நடுவிலுள்ளது வேகமாக மாறிவிட்டது. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு வேண்டும். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தபின் அந்தச் சந்தை இன்னும் உறுதிப்பட்டது. சாமை விதைத்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. மிளகும் காப்பியும் அதோடு சேர்ந்தன. கையில் காசு புழங்கத் தொடங்கியது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. சாமை குறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். சாமையைக் காயவைத்து, உரலில் கொட்டி, உலக்கையால் இடித்து, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி இடித்து, மறுபடி புடைத்தால்தான் உலைக்குப் போகும். ஒரு வேளைச் சோற்றுக்குப் பின்னால் இத்தனை உழைப்பு. நியாய விலைக் கடையில் அரிசி கிடைத்ததும் உலக்கை மூலைக்குப் போனது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் செய்த பணிகளில் விதைவங்கிகளோடு உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்ததும் ஒன்று. பாரம்பரியத்தைக் காப்பது பற்றிப் பேசும் பலர் இந்த உரலை மறந்துவிடுகிறார்கள்.

இதோடு நிலம் கைமாறும் அச்சமும் இருக்கிறது. ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் வருகிறவர்கள் பெருகப் பெருக விடுதிகளும் பெருகுகின்றன. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. எனவே வேறு மாநிலங்களில் பட்டியல் பகுதிக் கிராம சபைகளுக்குச் சட்டம் தரும் சிறப்பு அதிகாரங்கள் கொல்லிமலைக்குக் கிடையாது. நாடு என்ற பெயர் இருக்கிறது, நாட்டாருக்குரிய அதிகாரம் இல்லை.

ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஐந்தாம் அட்டவணையைச் சார்ந்ததன்று, தமிழ்நாட்டுக்கும் பொருந்தும். அந்தச் சட்டம் சமூக வன வளம் என்பதை, கிராமத்தின் மரபான அல்லது வழக்கமான எல்லைக்குள் உள்ள பொதுக் காடு என்று வரையறுக்கிறது. எந்தப் பாறையிலிருந்து எந்த ஓடை வரை தங்கள் காடு என்று குறித்து, உரிமை கோரும் செயல்முறையைத் தொடங்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. பெரியவர்களின் வாய்மொழியும் கோயில், சுடுகாடு, பழைய கிணறு போன்ற அடையாளங்களும் சான்றாக ஏற்கத்தக்கவை. 1833இல் பொட்டவாட்டமியருக்கு இப்படிச் சொல்லும் சட்டம் ஒன்று இருந்ததில்லை.

ஆகவே தேவனூர் நாட்டின் எல்லையை நன்கறிந்த முதியவர்களோடு இளையவர்கள் காடு வரை நடந்து, ஒவ்வொரு அடையாளத்தையும் பெயரோடு எழுதி, கிராம சபையில் படித்துப் பதிவு செய்ய வேண்டும். விறகுக்கும் கிழங்குக்கும் காட்டுக்குள் போய்வந்த பெண்கள் அந்த நடையில் கட்டாயம் இருக்க வேண்டும். எந்தச் சரிவில் எந்தக் கீரை, எந்த ஊற்று வற்றாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பதினான்கு நாடுகளும் தனித்தனியே இதைச் செய்யலாம். எல்லை இடிக்கும் இடத்தில் பக்கத்து நாட்டுப் பங்காளிகளை அழைத்து உட்கார்ந்து பேசலாம். அதற்கான பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.